சுவரில் ஒட்டாதீர்கள், தட்டியில் கட்டுங்கள்

(உத்திரமேரூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உத்திரமேரூரில் மேடை ஏறுகிறவர்கள் குடவோலைத் தேர்தலில் தொடங்குவது வழக்கம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள், வாரியம், உறுப்பினருக்கான தகுதிகள் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அந்தக் கல்லில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, கல்லைப் பற்றி மட்டும் ஒரு செய்தி சொல்கிறேன். கருங்கல் தன்மேல் விழுகிற ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் விழுங்கும். மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். சிமெண்ட் பூசிய சுவரும் ஏறக்குறைய அப்படித்தான். கான்கிரீட் தளமும் அப்படியே. தரையில் பதிக்கிற டைல்ஸ் இன்னும் மோசம். கணக்குப் பார்த்தால், இன்று நாம் கட்டிக் குடியிருக்கிற வீடு ஒலியைப் பொறுத்தவரை ஒரு சின்னக் கல் மண்டபம்.

நம் தாத்தா காலத்து வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. மண் சுவர், மேலே கனமாக வேய்ந்த கூரை. கீற்றோ வைக்கோலோ கரும்புத் தோகையோ எதுவானாலும் அதற்குள் ஆயிரக்கணக்கான சந்துகள். ஒலி அதற்குள் புகுந்து அங்கேயே தேய்ந்துவிடும். 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. மழைக்கும் நெருப்புக்கும் பயந்து வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. குடிசைக்குத் திரும்பிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூரை போனபோது, அது யாரும் கேட்காமலே செய்துகொண்டிருந்த ஒரு வேலையும் போய்விட்டது. வீட்டுக்குள் பாடினால், பேசினால், பதிவில் "எக்கோ அடிக்குது" என்கிறோமே, அதன் காரணம் இதுதான்.

இது யாருக்குப் பிரச்சினை? முன்பு யாருக்கும் இல்லை. பதிவு செய்ய வேண்டுமென்றால் சென்னைக்குப் போனோம். வீட்டு வளாகத்திலேயே ஒலிப்பதிவுக் கூடம் என்பது, 1992இல் 'ரோஜா' படம் வந்தபோது, கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மானின் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னைப் பார்த்து நாடே வியந்த செய்தி. இன்று ஒரு மைக், ஒரு பழைய லேப்டாப், ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருள், இவ்வளவு இருந்தால் பதிவு செய்துவிடலாம். பஜனைப் பாட்டுப் பதிவு செய்கிறவர், கதை படித்து வலையேற்றுகிறவர், பிள்ளைகளுக்குப் பாடம் பதிவு செய்து அனுப்புகிற ஆசிரியர், கூத்துப் பாட்டுகளைச் சேமிக்க நினைக்கிறவர் என்று இந்த ஒன்றியத்துக்குள்ளேயே பலர் இருக்கிறீர்கள். கருவி மலிந்துவிட்டது. மலியாதது அறை. நடு ஹாலில்தான் பதிவு. அதே ஹாலில்தான் இரவில் படுக்கை, அறுவடை முடிந்தால் நெல் மூட்டை, திருவிழா வந்தால் விருந்தாளி. அந்தச் சுவரில் நிரந்தரமாக எதையாவது ஒட்டினால் வீட்டில் சண்டைதான் வரும்.

இதற்கு என் பதில் தலைப்பிலேயே இருக்கிறது. சுவரைத் தொடாதீர்கள். தூக்கி நகர்த்தக்கூடிய தட்டிகள் செய்யுங்கள். வேறு வழி இல்லாத ஏழைகளுக்கான சமாதானமாக இதைச் சொல்லவில்லை. சிறிய அறையில், பணம் குறைவாக இருக்கும்போது, ஒலியியல் கணக்குப்படியே நகரும் தட்டிதான் ஒட்டிய பலகையைவிட நன்றாக வேலை செய்யும். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வரலாறு. அறை ஒலியியல் என்கிற துறையே நகரும் மெத்தைகளில் பிறந்தது. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் என்ற புதுக் கட்டடம் திறந்தார்கள். அதன் விரிவுரைக் கூடத்தில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. எழுப்பிய ஓர் ஒலி அடங்க ஐந்தரை வினாடிக்கு மேல் ஆனது. முதல் சொல் அடங்குவதற்குள் பத்துச் சொற்கள் வந்து விழுந்தால் காது என்ன செய்யும்? இதைச் சரிசெய்யும் பொறுப்பை வாலஸ் கிளமென்ட் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வரச்செய்தார். ஊர் அடங்கிய பிறகு ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்துவார். கையில் நேரம் பார்க்கும் கருவி, அளக்கும் கருவி அவர் காது. சில மெத்தைகளை வைத்து அளப்பார், இன்னும் சில சேர்த்து மறுபடி அளப்பார். விடிவதற்குள் மெத்தைகள் தியேட்டருக்குத் திரும்பிவிட வேண்டும். எல்லா மெத்தையையும் அடுக்கியபோது ஐந்தரை வினாடி, ஒரு வினாடி சொச்சமாகக் குறைந்தது.

அந்த இரவுகளில் கிடைத்த சூத்திரத்தைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அந்தக் கணக்கின்மேல் கட்டப்பட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்குங்கள். அறைக்குள் ஒலியை உறிஞ்சுகிற மொத்தப் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, அந்தப் பரப்பால் வகுங்கள். பள்ளிப் புத்தகத்தில் எதிர்முழக்கம் என்று படித்தீர்களே, அது அடங்க எத்தனை வினாடி ஆகும் என்பது விடை.

நம் வீட்டு அறைக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டுக்குப் பத்தடி, உயரம் பத்தடி. கன அளவு ஏறக்குறைய 34 கன மீட்டர். 0.161ஆல் பெருக்கினால் ஐந்தரை. காலி அறை, உள்ளே ஓர் ஆள் என்றால், சுவர், தரை, கதவு, ஆள் எல்லாம் சேர்ந்து உறிஞ்சுவது சுமார் 3 சதுர மீட்டர். விடை 1.8 வினாடி. பேச்சுப் பதிவுக்கு அரை வினாடிக்குக் கீழே வேண்டும். இப்போது நாலடி உயரம், இரண்டடி அகலம், நாலங்குலக் கனத்தில் ஒரு தட்டியை அறைக்குள் நிற்க வைக்கிறோம். ஒரு பக்கத்தின் பரப்பு முக்கால் சதுர மீட்டர். சுவரில் ஒட்டினால் அந்த ஒரு பக்கம்தான் வேலை செய்யும். நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் வேலை செய்யும். அதே பொருள், அதே செலவு, ஒன்றரை சதுர மீட்டர். இது தட்டியின் முதல் வெற்றி. நாலு தட்டி வைத்தால் 0.6 வினாடி. ஆறு வைத்தால் 0.45. கணக்கு முடிந்தது.

இந்தக் கணக்கில் ஒரு பரிசும் ஒளிந்திருக்கிறது. சபைன் உறிஞ்சுதலை எதை வைத்து அளந்தார் தெரியுமா? திறந்த ஜன்னலை வைத்து. வெளியே போன ஒலி திரும்பி வராது. ஆக திறந்த ஜன்னல்தான் முழுமையான உறிஞ்சி. நாலடிக்கு நாலடி ஜன்னலை முழுதாகத் திறந்தால் ஒன்றரை சதுர மீட்டர்: ஒரு தட்டிக்குச் சமம், காசு இல்லாமல். ஸ்லைடிங் ஜன்னல் என்றால் பாதிதான் திறக்கும், அரைத் தட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் ஜன்னலைத் திறந்தால் பஸ் உள்ளே வரும். வயல் பக்கம் வீடு இருக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி.

அந்த வசதிக்கும் நேரம் காலம் உண்டு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அறைக்குள் சுற்றுகிற ஒலியை அடக்குவது ஒரு வேலை. வெளிச்சத்தத்தை உள்ளே விடாமல் தடுப்பது வேறொரு வேலை. முதலாவதற்குப் பஞ்சு வேண்டும். இரண்டாவதற்குக் கனம் வேண்டும். காற்று புகுந்து போகிற பொருள் எதுவும் சத்தத்தைத் தடுக்காது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நன்றாகத் தடுக்கும். ஓட்டை எல்லாம் கதவிடுக்கிலும் ஜன்னலிலும்தான். கதவைச் சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டலாம். அதற்குமேல் செலவு செய்யாதீர்கள், நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பெரிய ஸ்டுடியோக்களே அப்படித்தான் தொடங்கின. 1934இல் ஏ. நாராயணன் சென்னையில் சீனிவாசா சினிடோன் என்ற பேசும்பட ஸ்டுடியோவைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று குறிப்பிடப்படுகிற அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன்தான் அங்கே ஒலியைப் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் படப்பிடிப்பின் நடுவே காகம் கரையாமல் இருக்க விரட்டுவதற்கென்றே ஆள் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். நமக்குக் காகத்தோடு பம்புசெட்டும் உண்டு. ஆடியில் கூழ் ஊற்றும் வாரங்களில் அம்மன் பாட்டு, மார்கழி விடியலில் திருப்பாவை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது; அந்த எட்டு மணி நேரத்துக்குள் நம் வேலையை வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் ஏரிக்கரைத் தவளைக்கு அந்த விதி பொருந்தாது. அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிடுங்கள். ஃபேனை எப்போதும் நிறுத்திவிடுங்கள்.

இனி, தட்டியை எங்கே வைப்பது? பெரும்பாலானவர்கள் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். மைக்கைச் சுற்றி அரைவட்டமாக ஒரு கவசம்கூடக் கடையில் விற்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாம் வாங்குகிற மைக் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. செவிடான பக்கத்தில் எதற்குத் திரை? மைக் பார்க்கிற திசையில் யார் இருக்கிறார்கள்? பாடுகிறவர். அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மொட்டைச் சுவர். அந்தச் சுவரிலிருந்து திரும்புகிற ஒலிதான் நேராக மைக்குக்குள் போகிறது. ஆகவே முதல் இரண்டு தட்டிகள் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால், விரித்த புத்தகம்போல் நிற்க வேண்டும். அடுத்த இரண்டு, இரு பக்கமும். ஐந்தாவதும் ஆறாவதும் கிடைத்தால் மைக்குக்குப் பின்னாலுள்ள மூலைகளுக்கு.

நமக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. வெளிநாட்டுப் பாடகர் நின்று பாடுகிறார். அவருக்கு ஆறடித் தட்டி வேண்டும். நம்மவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பாடுகிறார், மிருதங்கம் வாசிக்கிறார், ஆர்மோனியம் வாசிக்கிறார். வாயும் கருவியும் மூன்றடிக்குள். நாலடித் தட்டி போதும். மூன்றில் ஒரு பங்கு மரமும் துணியும் மிச்சம். கடையில் விற்கிற, ராக்வுல் என்கிற கல்பஞ்சுப் பலகையும் நாலுக்கு இரண்டடி அளவில்தான் வருகிறது, வெட்டவே வேண்டாம். தரையில் டைல்ஸை மறைத்து ஜமுக்காளம் விரித்துவிடுங்கள். பக்கத்தில் வந்தவாசிக் கோரைப்பாய் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உட்கார நல்லது, ஆனால் மெல்லிசு. ஒலிக்கு அது மட்டும் போதாது.

மைக்கை நெருக்கி வையுங்கள். ஒரு முழத்தில் இருந்ததை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால், தூரம் பாதி. நேர்க்குரல் ஆறு டெசிபல் ஏறும், அறையின் ஒலி இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. அறையின் நட்ட நடுவில் மட்டும் உட்காராதீர்கள். பன்னிரண்டடி நீளத்தில் ஒரு சுவரிலிருந்து நாலரை அடியில் உட்காருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தட்டி செய்யும் முறை. நாலங்குல அகல ரீப்பர் பலகையில் நாலுக்கு இரண்டடிச் சட்டம். தச்சருக்கு அரை நாள் வேலைகூட இல்லை. உள்ளே இரண்டங்குல ராக்வுல் பலகை இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள். அது சரிந்து இறங்காமல் இருக்க இருபுறமும் கோழிவலை. இழை வெளியே வராமல் ஒரு மல் துணி உறை, அதன்மேல் காடா துணி. நிற்பதற்குக் கீழே இரண்டு குறுக்குக் கட்டைகள். இரண்டு தட்டிகளைக் கீல் போட்டு இணைத்தால் தானாக நிற்கும், மடித்தால் கட்டிலுக்கடியில் போகும். ஒரு தட்டி பத்து கிலோவுக்குள் அடங்கும். ராக்வுலைக் கையாளும்போது கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம். இழை பட்டால் அரிக்கும். துணிக்கு ஒரே சோதனை: வாயில் வைத்து ஊதுங்கள். காற்று அந்தப் பக்கம் போனால் ஒலியும் போகும். ரெக்ஸின், பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் உள்ளே இருக்கிற பஞ்சுக்கு வேலை குறைந்துவிடும்.

இதுவும் முடியாது என்கிறவர்கள் வீட்டில் இருப்பதைப் பயன்படுத்தலாம். கயிற்றுக் கட்டில் இருக்கிறதா? அதை நிமிர்த்திச் சுவரில் சாய்க்காமல் நிறுத்தி, இலவம்பஞ்சு மெத்தையை அதில் தொங்கவிடுங்கள். கயிற்றின் இடைவெளி வழியே பின்பக்கமும் ஒலி போகும். ஆறடிக்கு மூன்றடி, நாலங்குலக் கனம்: கடையில் கிடைக்காத தட்டி. பழைய பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் மடித்து அடுக்கிச் சட்டத்துக்குள் கட்டினாலும் நல்ல உறிஞ்சிதான்; என்ன, கனக்கும். தென்னைநார் மெத்தை இருந்தால் தடிமனாக எடுங்கள். அதன் இழை முரடு, காற்றுக்கு அவ்வளவு தடையில்லை, ஓரங்குலம் போதாது. கம்பளியைக் கொடிக்கயிற்றில் போடும்போது சுவரை விட்டு ஒரு சாணாவது தள்ளிப் போடுங்கள்.

ஏன் தள்ளி? இதுதான் தட்டியின் இரண்டாவது வெற்றி. ஒலி என்பது காற்றின் அசைவு. பஞ்சு ஒலியை உறிஞ்சுகிறது என்றால், அசைகிற காற்று இழைகளில் உரசி வேகம் இழக்கிறது என்று பொருள். சுவரை ஒட்டியிருக்கிற காற்று அசைய முடியாது, சுவர் தடுக்கிறது. ஆக சுவரோடு ஒட்டிய பஞ்சு, காற்று அசையாத இடத்தில் வீணாகக் காத்திருக்கிறது. சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளிய இடத்தில்தான் அசைவு அதிகம். நாலங்குலத் தட்டியைச் சுவரிலிருந்து நாலங்குலம் விலக்கி வைத்தால், இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் பிடிக்கும். நடுவில் இருக்கிற காற்றுக்கு விலை கிடையாது.

தாழ்ந்த ஒலிதான் சின்ன அறையின் உண்மையான நோய். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஓரடி சொச்சம். 100 ஹெர்ட்ஸுக்குப் பதினோரடி. ஓரங்குல ஃபோமும் ஒற்றைக் கம்பளியும் கீச்சொலியைத்தான் தின்னும். பதினோரடி அலை அவற்றைப் பொருட்படுத்தாது. மேலொலி போய் அடியொலி தங்கிவிட்டால் பதிவு மந்தமாகக் கேட்கும். அறையின் நீள அகலமும் சேர்ந்து விளையாடும். பன்னிரண்டடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் முழங்கும். பத்தடியில் 56ம் அதன் மடங்குகளும். 94, 113 இரண்டும் ஆண்குரலின் அடிநாதம் இருக்கிற இடம். நடுவில் உட்காராதே என்றது இதனால்தான்; அங்கே சில ஒலிகள் பொங்கும், சில ஒலிகள் காணாமல் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருக்கிற அறையில் மூன்றும் ஒரே சுருதியில் முழங்கும். வேறு அறை இருந்தால் அங்கே போய்விடுங்கள்.

இந்த மேலொலியைத் தின்னும் மெல்லிய திரை நம் இசைக்குத் தனியாக ஒரு கேடு செய்கிறது. சர் சி. வி. ராமன் 1920இல் நேச்சர் இதழிலும், பிறகு 1934இல் விரிவாகவும் எழுதினார்: சாதாரணத் தோல் கருவிகளின் மேலொலிகள் ஒழுங்கில்லாமல் சிதறும், ஆனால் நம் மிருதங்கத்தில், வலந்தலையில் பூசுகிற கரணையின் கனத்தால், அவை தந்திக் கருவியில்போல் முறையான மடங்குகளில் அமைகின்றன. மிருதங்கம் சுருதி சேர்வதற்குக் காரணம் அந்த மேலொலிகள். ஓரங்குல ஃபோமால் அறையைச் சுற்றிவிட்டு மிருதங்கம் பதிவு செய்தால், தலைமுறை தலைமுறையாகக் கரணை போட்ட கைகள் உண்டாக்கிய மேலொலியை நாம் தின்றுவிட்டு, இடப்பக்கத் தொப்பியின் முழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அதனால் சொல்கிறேன்: பத்து மெல்லிய பலகைக்குப் பதில் நாலு தடித்த தட்டி. பணத்தைப் பரப்பில் போடாதீர்கள், கனத்தில் போடுங்கள்.

வாங்கக் கூடாதவை எவை என்றும் சொல்லிவிடுகிறேன். முட்டை அட்டை: மேலொலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவே. அதை ஒட்டி ஸ்டுடியோ என்று பெயர் வைப்பதில் நாமக்கல்லுக்கு வேண்டுமானால் லாபம். தெர்மோகோல்: அதன் சந்துகள் மூடியவை, காற்று புகாது, ஒலியும் புகாது. மூன்றாவது, விலை மலிந்த கறுப்பு ஃபோம். இதில் வேடிக்கைப் பேச்சு கிடையாது. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்கிற இசைக்கூடத்தில், சத்தத்துக்காக மேடையைச் சுற்றி ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் மத்தாப்புப் பொறி பட்டது. 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாந்தா மரியாவில் கிஸ் என்ற கேளிக்கைக் கூடத்தில் அதே வகைத் தீ, 242 பேர். ஃபோம் எரிகிற வேகத்தைவிட அதன் புகை கொடியது. விளக்கேற்றுகிற, ஊதுவத்தி கொளுத்துகிற, கொசுவத்தி வைக்கிற வீடு நம்முடையது. ராக்வுல் எரியாது; பஞ்சும் துணியும் வைக்கோலும் எரியும். எதுவானாலும் தட்டி என்றால் தீப்பட்டதும் வெளியே இழுத்துப் போடலாம், வேலை முடிந்ததும் எடுத்து வைக்கலாம். சுவரெல்லாம் ஒட்டியதை என்ன செய்வீர்கள்? கதவை மட்டும் எந்தத் தட்டியும் மறைக்கக் கூடாது.

மூன்றாவது வெற்றி, மாற்றிக்கொள்ள முடிவது. அடக்குவது நல்லது என்றால் முழுக்க அடக்கிவிடலாமே என்று தோன்றும். வானொலிக்காரர்களுக்கும் அப்படித் தோன்றியது. பிபிசி 1923இல் லண்டன் சவாய் ஹில்லில் அமைத்த ஒலிபரப்புக் கூடத்தைச் சுற்றிலும் கனத்த திரைகளால் போர்த்தினார்கள். பேச்சு தெளிவாக இருந்தது, இசை உயிரில்லாமல் இருந்தது. பிறகு திரைகளைக் குறைத்தார்கள். தன் குரல் கொஞ்சம்கூடத் திரும்பி வராத இடத்தில் பாடகர் தொண்டையைக் கிழித்துக்கொள்வார். ஆகவே ஆறில் இரண்டு தட்டிகளின் ஒரு முகத்தில் மட்டும் பிளைவுட் அடித்து வையுங்கள். கதை படிக்கும்போது பஞ்சு முகம். வயலினோ வீணையோ வந்தால் மர முகம். திருப்பினால் அறை மாறும்.

கூத்துக்கு இன்னும் வேறு கணக்கு. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி பிருய்னும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தை அறிவீர்கள். அங்கே பயின்றவர்களில் பலர் இந்த வட்டாரத்து ஊர்களில் ஆடியிருக்கிறார்கள். கூத்து திறந்தவெளிக் கலை. முகவீணை மேலே கிழித்துக்கொண்டு போகும், ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம் எல்லாம் வானத்தின் கீழ். அங்கே சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அதைக் கான்கிரீட் அறைக்குள் கொண்டுவந்து பதிவு செய்தால் கூத்தில் இல்லாத ஓர் ஒலியைச் சேர்க்கிறோம். காற்றில்லாத இரவில் களத்துமேட்டிலேயே பதிவு செய்யுங்கள். கலைஞர்களுக்கு நடுவே மட்டும் தட்டி போடுங்கள். முகவீணை ஆர்மோனியத்தின் மைக்கில் புகாமல் இருந்தால் போதும். சுவரில் ஒட்டிய பலகையைக் களத்துமேட்டுக்குக் கொண்டுபோக முடியுமா?

நகர்த்த முடிகிற பொருளைப் பங்கிட்டுக்கொள்ளவும் முடியும். இன்றைய பேச்சில் நான் உங்களிடம் வைக்க வந்த வேண்டுகோள் இதுதான். வீட்டுக்கு வீடு ஸ்டுடியோ எதற்கு? நம் ஊரில் பந்தல் சாமான் வாடகைக் கடை இருக்கிறது. நாற்காலி, ஜமுக்காளம், அண்டா கிடைக்கும். சவுண்ட் சர்வீஸ் கடை இருக்கிறது. மைக்கும் ஸ்பீக்கரும் கிடைக்கும். அந்தக் கடையில் ஆறு தட்டியும் இருக்கட்டும். நடுத்தர விலையில் ஒரு மைக் வாங்குகிற பணத்துக்குள் நாலு தட்டி முடிந்துவிடும். ஆறாக்கினால் ஒரு பதிவுக் குழுவுக்கே போதும். முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஒரு நாள் வாடகைக்கு விடலாம். டாடா ஏஸ் வண்டியில் ஆறும் ஏறிவிடும். இன்று ஓர் ஊரில் பஜனைக் குழு, நாளை பள்ளியில் பாடப் பதிவு, வாரக் கடைசியில் நினைவிலிருக்கும் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் பாடத் தயாராக இருக்கிற ஒரு பாட்டி வீட்டில். அந்தப் பாட்டியைச் சென்னைக்கு அழைத்துப்போக வேண்டியதில்லை.

வந்திருக்கிற சவுண்ட் சர்வீஸ் அண்ணன்மாரிடமும் தச்சு வேலை செய்கிறவர்களிடமும் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அளவுகள் சொல்லிவிட்டேன். முதலில் இரண்டு செய்யுங்கள். காலி ஹாலில் ஒரு முறை கைதட்டிப் போனில் பதிவு செய்யுங்கள், இரண்டு தட்டியை நிறுத்தி மறுபடி தட்டிப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் ஹெட்போனில் கேட்டுவிட்டு மூன்றாவதைச் செய்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். முதலில் கூத்துக் கலைஞர்கள் கேட்கட்டும்.